அணைக்கட்டும் சீட்டுக்கட்டும்



பள்ளிப் பணிகள் மிகுந்துவிட்டமையால் இப்பக்கம் சில திங்களாக வெறுமையாகவே கிடந்தது. பொறுத்தருள்க. இம்முறை சற்று நீண்ட பதிவு. ஆறாம் ஆண்டுக் கணித நூலின் இறுதியில் ஒளிந்து கிடக்கும் நிகழ்தகவு என்ற சிறு பகுதியைப் பற்றியும், அதனோடு அணைக்கட்டுகளுக்கு உள்ள உறவைப் பற்றியும் எழுத எண்ணியிருக்கிறேன். 'கணக்குக்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு?' என்று எண்ணிப் பக்கத்தை மூடிவிடாதீர்கள். இதை எழுதத் தூண்டியது ஒரு குடும்ப உரையாடல்தான்.

சென்ற பள்ளி விடுமுறையில் ஷா ஆலாமில் வாழும் பெரியப்பா மகன் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். 2021 டிசம்பரில் சிலாங்கூரையும் கோலாலம்பூரையும் மூழ்கடித்த பெருவெள்ளத்தில் அவருடைய வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் நீரில் அமிழ்ந்தது. கட்டில், குளிர்பெட்டி, பிள்ளைகளின் பள்ளி நூல்கள், அண்ணியின் தையல் இயந்திரம் என அனைத்தும் சேற்றோடு சேறாகித் தெருவோரம் குவிந்தன. இப்பொழுது எல்லாவற்றையும் புதிதாக வாங்கி அதே கீழ்த்தளத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வெள்ளக் காப்புறுதி எடுத்துவிட்டீர்களா என்று வினவினேன்.

"அது நூறு வருசத்துக்கு ஒரு தடவை வர்ற மழைன்னு பேப்பர்லயே போட்டாங்களே தங்கச்சி! இனிமே நம்ம காலத்துல வராது" என்றார் அண்ணன்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்த மழை நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழக்கூடியது என்று அமைச்சின் உயர் அதிகாரி ஒருவர் கூறியதை நாளிதழ்கள் வெளியிட்டது உண்மையே. ஆனால், அச்சொற்றொடருக்குப் பொறியாளர் கொள்ளும் பொருள் வேறு, நாம் கொள்ளும் பொருள் வேறு. பொறியாளரைப் பொறுத்தவரை 'நூறாண்டு வெள்ளம்' என்பது, எந்த ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டாலும் அவ்வாண்டில் நிகழ நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புடைய வெள்ளம். சென்ற ஆண்டு வந்துவிட்டது என்பதற்காக இவ்வாண்டு வாய்ப்பு குறைவதில்லை. வெள்ளத்திற்கு நாள்காட்டி தெரியாது!

அண்ணனின் வீட்டுக் கடன் 30 ஆண்டுக் கடன். அதையே அளவாகக் கொண்டு கணக்கிட்டுக் காட்டினேன். ஓராண்டில் அவ்வெள்ளம் வராதிருக்கும் வாய்ப்பு 0.99. முப்பது ஆண்டும் வராதிருக்க வேண்டுமாயின் 0.99ஐ முப்பது முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.74. அதாவது, கடனைக் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையேனும் அவ்வெள்ளம் மீண்டும் வீட்டிற்குள் நுழைய 26 விழுக்காடு வாய்ப்பு உண்டு. நான்கில் ஒன்றுக்கும் சற்று மேல்! அண்ணன் கைப்பேசியில் தாமே ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

நம் ஜொகூர் அண்டைவீட்டாரைக் கேட்டால் இதற்குக் கணக்கே தேவையில்லை என்பார்கள். 2006 டிசம்பரில் கோத்தா திங்கியைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. மக்கள் வீட்டைக் கழுவி முடிப்பதற்குள், 2007 சனவரியில் மீண்டும் அதே ஊரில் அதைப் போன்ற வெள்ளம்.

இந்த 'இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை' என்னும் பேச்சு நம் தெருவோரக் கால்வாயிலும் உண்டு என்பதைப் பெற்றோர் பலர் அறியார். நீர்ப்பாசன வடிகால் துறை 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நகர்ப்புற மழைநீர்க் கையேடு, எவ்வகைக் குடியிருப்பின் கால்வாய் எத்தனை ஆண்டு மழையைத் தாங்க வேண்டும் என்று வரையறுக்கிறது. பெரிய மழையைத் தாங்கும் கால்வாய்க்குச் செலவு மிகுதி, சிறியதைத் தாங்கும் கால்வாய்க்கு இடர் மிகுதி. யாரோ ஒருவர் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கும் கணிதத்தை வளர்த்தவர்களுள் ஒருவர் எமில் கும்பெல் என்னும் செருமானியர். 1891இல் மூனிக்கில் பிறந்த இவர், முதல் உலகப் போருக்குப் பின் செருமனியில் நிகழ்ந்த அரசியல் கொலைகளை எண்ணிக் கணக்கிட்டு நூலாக வெளியிட்டவர். வலதுசாரிக் கொலைஞருக்கு நீதிமன்றங்கள் காட்டிய இரக்கத்தை எண்களாலேயே அம்பலப்படுத்தினார். நாசிகளின் பகையால் 1932இல் ஐடல்பெர்க் பல்கலைக்கழகப் பணியை இழந்தார். பிரான்சுக்கும் பின் 1940இல் அமெரிக்காவுக்கும் புலம்பெயர்ந்த இவர், வெள்ளங்களுள் பெரும் வெள்ளத்தை எண்ணத் தொடங்கினார். ஒவ்வோர் ஆண்டின் உச்ச வெள்ளத்தை மட்டும் எடுத்து வரிசைப்படுத்தினால், அவ்வுச்சங்கள் தமக்கென ஓர் ஒழுங்குடையவை என்பதே அவர் கைக்கொண்ட கருத்து. அதற்கு முன்பே, 1928இல், பிஷரும் திப்பெட்டும் இக்கணிதத்திற்கு அடிகோலினர். திப்பெட் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். நூலிழை அறுவது அதன் மிக நலிந்த இடத்தில்தானே? நலிந்ததை ஆராயும் கணக்கும் மிகுந்ததை ஆராயும் கணக்கும் ஒன்றே எனக் கண்டனர். கும்பெலின் நூல் 1958இல் வெளிவந்தது. இன்றும் உலகெங்கும் பாலம், கால்வாய், மிகைநீர்ப்போக்கி ஆகியவற்றை வரைவோர் அவர் பெயரைச் சொல்லாமல் வேலை செய்ய இயலாது.

வெள்ளத்தை இத்துடன் நிறுத்துகிறேன். என் மனத்தில் ஆழப் பதிந்தது வெள்ளமன்று, வறட்சி.

1991ஆம் ஆண்டு. அப்பொழுது நான் தொடக்கப்பள்ளி மாணவி. மெர்லிமாவுக்கு அண்மையில் ஒரு தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். அவ்வாண்டு டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வற்றி, மலாக்கா மாநிலமே நீருக்குத் தவித்தது. ஏறத்தாழ 32 மில்லியன் கன மீட்டர் நீரைக் கொள்ளும் தேக்கம் அது. வெடித்த சேற்றுநிலமாக அது கிடந்த படத்தை நாளிதழில் கண்டது நினைவிருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் புத்தகப் பையை எறிந்துவிட்டு வாளியோடு லாரியின் முன் வரிசை பிடிப்பதே எங்கள் வேலை. என் பாட்டி மட்டும் பதறவில்லை. தகரக் கூரையின் கீழ் மூன்று பீப்பாய்களை எப்பொழுதும் வைத்திருப்பார். அடைமழைக் காலத்தில்கூட அவற்றை நிரப்பி மூடி வைப்பார். குழாய் இருக்கும்போது இது எதற்கு என்று கிராணி வீட்டு அம்மா கேலி பேசியதுண்டு. 1991இல் அந்த அம்மாவே குடத்தோடு வந்து நின்றார். பாட்டி ஒன்றும் சொல்லாமல் மொண்டு ஊற்றினார்.

எத்தனை பீப்பாய் வைத்தால் போதும் என்பதைப் பாட்டி எவ்வாறு முடிவு செய்தார் என்று நான் கேட்டதில்லை. ஆனால், அணை கட்டுவோர் எதிர்கொள்ளும் கேள்வியும் அஃதே அன்றோ? ஆற்றில் நாளை எவ்வளவு நீர் வரும் என்பது எவருக்கும் தெரியாது. தேக்கம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதையோ இன்றே முடிவு செய்தாக வேண்டும். சிறிதாகக் கட்டினால் 1991. பெரிதாகக் கட்டினால் ஊரும் வயலும் காடும் நீரில் மூழ்கும், மக்கள் பணமும் மூழ்கும்.

நம் முன்னோர் இக்கேள்வியைத் தமிழகத்து ஏரிகளில் தம் வழியில் தீர்த்தனர். ஏரி நிறைந்தால் மிகைநீர் கலிங்கு வழியே வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லும், அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. ஓர் ஏரியின் பிழையைப் பல ஏரிகள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. எண்ணில் எழுதப்படாத நிகழ்தகவு என்றே நான் அதைக் கருதுகிறேன். வேறு ஆசிரியர்கள் மறுக்கலாம்.

எண்ணில் எழுதியவர் என்று முதலில் குறிப்பிடத்தக்கவர் ரிப்பிள் என்னும் பொறியாளர். 1883இல் இலண்டன் பொறியாளர் கழகத்தின் ஏட்டில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. முறை மிக எளிது. ஆற்றில் இதுவரை வந்த நீரை மாதந்தோறும் கூட்டிக்கொண்டே ஒரு கோடு வரைக. மக்களுக்குத் தர வேண்டிய நீரையும் அவ்வாறே கூட்டி மற்றொரு கோடு வரைக. வரவு செலவுக்குப் பின்தங்கும் இடங்களுள் எது மிகப் பெரிய பள்ளமோ, அதுவே தேவையான தேக்கத்தின் அளவு. நம் இல்லத்தரசியர் மாத வரவு செலவுப் புத்தகத்தில் செய்வதும் ஏறத்தாழ இதுவே.

இம்முறையின் குறை என்ன? கடந்த முப்பது ஆண்டில் கண்ட வறட்சியே உலகின் மிகக் கொடிய வறட்சி என்று அது கொள்கிறது. இனிவரும் ஆண்டுகள் கடந்த ஆண்டுகளை அச்சுப் பிசகாமல் திரும்பச் செய்யும் என்று நம்புகிறது. அவ்வாறு நிகழ்ந்ததே இல்லை.

1914இல் ஆலன் ஏசன் என்ற அமெரிக்கர் பல ஆறுகளின் பதிவுகளை ஒன்றுசேர்த்து, ஒரே ஆற்றின் நெடும் பதிவைப் போல் நோக்கினார். தேக்கம் 'போதும், போதாது' என்று பேசாமல், 'நூறாண்டில் எத்தனை ஆண்டு போதாமற்போகும்' என்று பேசத் தொடங்கினார். இச்சிறு சொல்மாற்றம் பெரும் மாற்றம் எனலாம். ஓர் அணை ஒருபோதும் பொய்க்காது என்று சொல்வதை நேர்மையான பொறியாளர் அன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

1927இல் சட்லர் என்னும் மற்றோர் அமெரிக்கப் பொறியாளர் செய்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆற்றின் ஆண்டு நீர்வரத்துகளை ஐம்பது அட்டைகளில் எழுதினார். சீட்டுக்கட்டைப் போல் கலைத்தார். ஒவ்வொன்றாக எடுத்து எழுதினார். மீண்டும் கலைத்தார். இருபது முறை கலைத்ததில் ஓராயிரம் ஆண்டுக்கான நீர்வரத்துப் பட்டியல் கையில் வந்துவிட்டது! அவ்வாயிரம் ஆண்டும் உண்மையில் நிகழவில்லை. ஆனால், நிகழ்ந்திருக்கக் கூடியவை. அவற்றைக் கொண்டு தம் கற்பனைத் தேக்கத்தை நிரப்பியும் வடித்தும் பார்த்தார்.

எங்கள் லயத்தில் சீட்டாட்டம் என்றாலே பாட்டிக்கு ஆகாது. சம்பள நாளன்று எத்தனையோ குடும்பத்தின் அரிசி அந்த அட்டைகளில் போயிற்று. ஆதலால், குடிநீர் அறிவியலின் முன்னேற்றத்திலும் சீட்டுக்கட்டு குறுக்கிடுவதை ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் நூலகத்தில் முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சட்லரோடு இக்கதை முடியவுமில்லை.

ஏரல்ட் எட்வின் அர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1906இல் எகிப்துக்குச் சென்றார். சிறிது காலம் பணியாற்றிவிட்டுத் திரும்புவதாக எண்ணம். வாழ்நாளில் அறுபது ஆண்டுக்கு மேல் நைல் ஆற்றிற்கே ஈந்துவிட்டார். எகிப்தியர் அவரை 'அபு நீல்', அதாவது நைலின் தந்தை, என்று அழைத்தனர். வறண்ட ஆண்டுகள் எத்தனை தொடர்ந்து வந்தாலும் எகிப்து பட்டினி கிடவாதிருக்க எவ்வளவு நீரைச் சேமிக்க வேண்டும் என்பதே அவருடைய வினா. 'நூற்றாண்டுச் சேமிப்பு' என்று அதற்குப் பெயரிட்டனர். உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு கொடை அவருக்குக் கிட்டியது. கெய்ரோவின் ரோடா தீவில் உள்ள நீர்மட்ட அளவுகோலின் வழி 7ஆம் நூற்றாண்டு தொடங்கி நைலின் உயரத்தை எழுதி வைத்திருந்தார்கள்!

அப்பதிவுகளில் அவர் கண்டது இது: நல்ல ஆண்டுகள் கூட்டமாக வருகின்றன, கெட்ட ஆண்டுகளும் கூட்டமாக வருகின்றன. சட்லரின் சீட்டில் ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் உறவில்லை. நைலிலோ உறவுண்டு. நைல் மட்டுமன்று, ஏரிகள், மழை, மரங்களின் ஆண்டு வளையங்கள், ஏரியடியில் படிந்த களிமண் அடுக்குகள் என நூற்றுக்கணக்கான பதிவுகளை ஆராய்ந்தார். எல்லாவற்றிலும் அதே போக்கு.

கணித விருப்பமுடைய ஆசிரியர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். மற்றவர்கள் இப்பத்தியைத் தாண்டிச் செல்லலாம். ஆண்டு வரத்து சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவை 1 என்று கொள்வோம். ஆண்டுகளுக்குள் உறவே இல்லையெனில், 100 ஆண்டு முழுதும் சராசரி வரத்தைத் தவறாமல் வழங்கத் தேவைப்படும் தேக்கம் ஏறத்தாழ 12.5. காலம் நான்கு மடங்கானால் தேக்கம் இரு மடங்காகும். இது வர்க்கமூல வளர்ச்சி, அடுக்கெண் 0.5. அர்ஸ்ட் தம் பதிவுகளில் கண்ட அடுக்கெண்ணோ சராசரியாக 0.73. அதன்படி நூறாண்டுக்குத் தேவை ஏறத்தாழ 17. ஐந்தில் இரண்டு பங்கு கூடுதல்! பழைய கணக்கை நம்பிக் கட்டியிருந்தால் அந்த வேறுபாடு முழுவதும் மக்களின் தாகமாக மாறியிருக்கும். 1951இல் அவர் இதை வெளியிட்டபோது பலர் நம்ப மறுத்தனர். காரணம் என்னவென்று அறிஞர்கள் பல்லாண்டுகள் வாதிட்டனர்.

தாம் சொல்வது இயலக்கூடியதே என்று காட்ட அர்ஸ்ட் எதைக் கையில் எடுத்தார் என்று எண்ணுகிறீர்கள்? சீட்டுக்கட்டை! கூட்டல் கழித்தல் எண்கள் எழுதிய 52 சீட்டுகளைக் கலைத்து இரண்டு கைகளாகப் பிரிப்பார். முதலில் எடுத்த சீட்டின் எண்ணுக்கேற்ப ஒரு கையிலுள்ள சில சீட்டுகளை மாற்றி, அக்கை ஒரு பக்கம் சாயுமாறு செய்வார். பிறகு அதில் ஒரு ஜோக்கரைச் செருகுவார். ஜோக்கர் தலைகாட்டும் வரை சாய்ந்த அந்தக் கையிலிருந்தே எண்கள் வரும். ஜோக்கர் வந்ததும் எல்லாவற்றையும் கலைத்துப் புதிய சாய்வு. செழிப்புக் காலமும் வறட்சிக் காலமும் மாறி மாறி வரும் நைலின் போக்கு மேசைமேல் வந்து அமர்ந்துவிட்டது. அந்த ஜோக்கர் எப்பொழுது வரும் என்பது ஆடுபவருக்கும் தெரியாது என்பதுதான் இதன் உயிர்.

பின்னாளில் மாண்டல்புரோ என்ற கணித மேதை இப்போக்கிற்கு 'யோசேப்பு விளைவு' என்று பெயரிட்டார். எகிப்தில் ஏழாண்டு வளமும் ஏழாண்டுப் பஞ்சமும் வந்த விவிலியக் கதையை நினைவூட்டும் பெயர். திடீரெனப் பேரளவாகப் பாய்வதற்கு 'நோவா விளைவு' என்றார். எங்கள் மலாக்காவின் 1991 யோசேப்பின் இனம், அண்ணனின் 2021 நோவாவின் இனம். 1980களில் நைல் ஆண்டுக்கணக்கில் நலிந்தபோது, 1970இல் கட்டி முடிக்கப்பட்ட அசுவான் உயரணையின் சேமிப்பே எகிப்தைக் காத்தது.

மூன்றாவது சீட்டாட்டக்காரர் சுதானிசுலாவ் உலாம். அணுகுண்டு ஆராய்ச்சியில் பங்கேற்ற போலந்துக் கணிதவியலார். 1946இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தபோது, பொழுது போகாமல் தனியாக ஆடும் சீட்டாட்டத்தில் ஈடுபட்டார். இவ்வாட்டத்தில் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்று சூத்திரத்தால் காண முயன்று சலித்துப்போனார். நூறுமுறை ஆடி எத்தனை முறை வென்றேன் என்று எண்ணிவிட்டால் என்ன என்று தோன்றியது. அப்பொழுதுதான் மின்கணினிகள் பிறந்திருந்தன. வான் நாய்மனோடு சேர்ந்து அதை ஒரு முறையாக வளர்த்தார். சூதாட்டக் கூடத்தால் பெயர் பெற்ற மான்டி கார்லோ நகரின் பெயரே அதற்கு வாய்த்தது. 1962இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் நீர்த் திட்டக் குழுவினர் வெளியிட்ட நூலில், தாமசும் பியரிங்கும் கணினியைக் கொண்டு ஆற்றின் கற்பனை ஆண்டுகளை உருவாக்கும் முறையை வகுத்திருந்தனர். சட்லர் கையால் கலைத்ததைக் கணினி கலைத்தது. ஆண்டுக்கும் ஆண்டுக்கும் உள்ள உறவையும் ஓரளவு சேர்த்துக்கொண்டது.

வீடு, பாலம் முதலியவற்றிலும் இதே கதை உண்டு. விட்டம் தாங்க வேண்டிய எடையைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வலுவாகக் கட்டுக என்பதே பழைய வழக்கம். 1947இல் பிராய்டெந்தால் என்பவர், எடையும் உறுதியற்ற எண், விட்டத்தின் வலுவும் உறுதியற்ற எண், ஆகவே உடைவதற்கான வாய்ப்பைக் கணக்கிடுவதே முறை என்று வாதிட்டார். அத்துறை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை, விட்டுவிடுகிறேன்.

நம் பக்கத்து மனிதர் ஒருவரைச் சொல்லாமல் போனால் குற்றமாகும். இந்தியாவின் பிரசாந்த சந்திர மகலனோபிசு. இந்தியப் புள்ளியியல் கழகத்தை 1931இல் நிறுவியவர். 1922இல் வட வங்கத்தில் பெருவெள்ளம். பொறியாளர் குழு பெரும் பொருட்செலவில் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தும் தேக்கங்கள் வேண்டுமென்றது. மகலனோபிசு ஏறத்தாழ 50 ஆண்டு மழை, வெள்ளப் பதிவுகளை ஒப்பிட்டு, அங்கே தேவைப்படுவது நீரை விரைவாக வடியச் செய்வதே என்று காட்டினார். 1926இல் ஒரிசாவில் வெள்ளம். ஆற்றுப் படுகை மேடாகிவிட்டது, கரைகளை உயர்த்துக என்றனர் பொறியாளர். 60 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்த அவர், படுகை உயரவில்லை, மேல்நிலத்தில் பெய்த மிகை மழையே காரணம், ஆகவே மேலே அணை கட்டுக என்றார். 1957இல் திறக்கப்பட்ட மகாநதியின் ஈராக்குட் அணைக்கு அவருடைய கணக்குகளும் அடிப்படை. அவர் பொறியாளர் அல்லர். இயற்பியல் ஆசிரியர்! வகுப்பறையில் நிற்பவர்களால் என்ன ஆகும் என்று சலித்துக்கொள்ளும் நம் ஆசிரிய நண்பர்கள் இதை ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம்.

1991க்குப் பின் மலாக்கா வாளாவிருக்கவில்லை. ஜொகூரின் மூவார் ஆற்றிலிருந்து நீர் பெறப்படுகிறது. பின்னர் ஜுஸ் அணையும் எழுந்தது. ஆயினும், 2020 தொடக்கத்தில் தேக்கங்களின் நீர்மட்டம் தாழ்ந்து மீண்டும் பங்கீட்டு முறையில் நீர் வழங்க நேர்ந்தது. இதில் எவரையும் குறைகூறுவது என் நோக்கமன்று. பருவநிலை மாறிவரும் இக்காலத்தில், கடந்த காலப் பதிவுகள் வருங்காலத்திற்குப் பொருந்தும் என்ற அடிப்படையே ஆட்டம் கண்டுவிட்டது. 2008இல் 'சயின்சு' இதழில் நீரியல் அறிஞர்கள் சிலர் இதை வெளிப்படையாகவே எழுதினர். சீட்டைக் கலைக்கலாம், ஆனால் கட்டே மாறிக்கொண்டிருந்தால்?

இதை ஆறாம் ஆண்டு மாணவர்களோடு ஆடிப் பார்த்தேன். ஆசிரியர்கள் விரும்பினால் தம் வகுப்பிலும் செய்யலாம். மணிலா அட்டையில் பத்துச் சீட்டுகளை வெட்டி, ஆற்றில் வரும் நீரை வாளிக் கணக்கில் எழுதினோம்: 6, 4, 7, 5, 8, 3, 6, 9, 5, 7. இது பத்தாண்டுப் 'பதிவு'. ஊருக்கு ஆண்டுதோறும் தேவை 5 வாளி. மிகை வந்தால் அணையில் சேரும், அணை நிறைந்தால் வழிந்தோடும், குறைந்தால் அணையிலிருந்து எடுக்க வேண்டும். பதிவின் வரிசைப்படி ஆடினால் 2 வாளி கொள்ளும் அணையே போதும். 3 வரும் ஆண்டில் இரண்டையும் எடுத்துவிட்டு, அடுத்த ஆண்டுகளில் நிரப்பிக்கொள்ளலாம். ரிப்பிளின் விடை அது. மாணவர்கள் மகிழ்ச்சியோடு 'அணை கட்டி' முடித்தார்கள்.

பிறகு சீட்டுகளைக் கலைக்கச் சொன்னேன். வகுப்பில் 16 பேர், எட்டு இணைகள். முதல் சுற்றில் இரண்டு இணைகளின் அணை வற்றிவிட்டது. 3உம் 4உம் அடுத்தடுத்து வந்தாலோ, அவற்றின் இடையே 5 மட்டுமே வந்தாலோ, மொத்தம் 3 வாளி குறையும், இரண்டு வாளி அணை தாங்காது. கணக்கிட்டால் இதற்கான வாய்ப்பு சரியாக நான்கில் ஒன்று. ஐந்துகளை ஒதுக்கிவிட்டு எஞ்சிய எட்டுச் சீட்டுகளில் 3உம் 4உம் பக்கத்தில் அமரும் வாய்ப்பைக் கண்டால் விளங்கும். அதே பத்துச் சீட்டு, அதே மொத்த நீர், வரிசை மட்டுமே வேறு. வற்றிப்போன இணையில் ஒரு பையன், "நாங்க ஒண்ணும் தப்பா கணக்குப் போடலையே டீச்சர்" என்று கண் கலங்கினான். அவன் சொன்னது உண்மை. தப்பில்லை என்று சொல்லித் தட்டிக்கொடுத்தேன்.

பின்வரிசைச் சிறுமி ஒருத்தி கை உயர்த்தினாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். "டீச்சர், 2ன்னு ஒரு சீட்டு ஏன் இல்ல? இதுக்கு முன்னாடி வரலைங்கிறதுக்காக வராதா?"

பதினொன்றாவது அட்டையை அவளே வெட்டினாள், அவளே 2 என்று எழுதினாள். அதைச் சேர்த்துக் கலைத்து ஆடியபோது எட்டு இணைகளின் அணையும் வற்றிப்போயிற்று. 2, 3, 4 மூன்றும் அடுத்தடுத்து வந்தால் எத்தனை வாளி அணை வேண்டும் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள். ஆறு என்று ஒருவன் கத்தினான். "அவ்ளோ பெருசா கட்டக் காசு ஏது?" என்றான் மற்றொருவன். மணி அடித்துவிட்டது. அட்டைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்.